கிண்டிலில் எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது

பாளையங்கோட்டையில் நான் நடத்துவது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பிரிண்டரும் லேப்டாப்பும்தான் பிழைப்பு; அப்புறம் சில வருடங்களாக, அமேசான் விற்கும் மின்புத்தகக் கருவியான கிண்டிலும் வருகிறது. அமேசான் கணக்கு தொடங்கித் தாருங்கள், தமிழ்ப் புத்தகம் ஏற்றித் தாருங்கள், எழுத்தைப் பெரிதாக்கித் தாருங்கள் என்று கொண்டுவருவார்கள். திரை உடைந்து வருவதும் உண்டு. அதற்கு என்னிடம் மருந்து கிடையாது. எல்லாம் முடித்துக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: "இதுல நீங்க படிக்கிறது யாருக்குத் தெரியக் கூடாது?"

பெரும்பாலும் சிரிப்பார்கள். "நான் என்ன வெடிகுண்டு செய்யவா படிக்கப் போறேன், அண்ணாச்சி?"

சரி, வெடிகுண்டு வேண்டாம். குழந்தையின்மைக்குச் சிகிச்சை, விவாகரத்துச் சட்டம், குடியை விடுவது எப்படி, வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குவது, கடவுள் மறுப்பு, காமம். இதில் எதைப் படிப்பதும் குற்றமில்லை. ஆனால் மாமியாரோ மேலாளரோ இந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். அப்படி நின்றவர்களுக்கு நான் செய்து கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கடைக்கு அதிகம் வருவது கிண்டில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மெனு ஆங்கிலத்தில் இருக்கும். அதே உச்சரிப்பில் எழுதுகிறேன். மென்பொருள் புதுப்பிக்கும்போது ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கலாம், அக்கம்பக்கத்தில் தேடினால் அகப்பட்டுவிடும்.

உங்கள் வாசிப்பை மூன்று தரப்பார் பார்க்கலாம்: வீட்டில் இருப்பவர்கள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், கருவியை விற்ற கம்பெனி. மூன்றுக்கும் பூட்டு வேறு வேறு. இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். பாஸ்கோடு போட்டால் தம்பியால் பார்க்க முடியாது. கம்பெனிக்கு அதனால் எதுவும் மறையாது. ஏரோபிளேன் மோடில் போட்டால் கம்பெனிக்குத் தகவல் போவது தள்ளிப்போகும். மேஜையில் கிடப்பதைத் தம்பி எடுத்துப் படித்துவிடலாம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஏதாவது ஒரு வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும். யாருக்காகப் பூட்டுகிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்து வைத்தவர்கள், கொஞ்ச நாளில் அலுத்துப்போய் எல்லாவற்றையும் திரும்பத் திறந்துவிடுகிறார்கள்.

கம்பெனிக்கு என்ன தெரியும்?

இதை நான் வாயால் சொல்வதில்லை. அவரவர் கணக்கிலேயே காட்டிவிடுவேன். அமேசான் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், உங்களைப் பற்றிய தரவைக் கேட்கும் பக்கத்தைத் திறந்து, 'கிண்டில்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்துக் கோரிக்கை அனுப்புங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். உடனே வராது, பொறுங்கள். வந்ததும் ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் உள்ளே ஏகப்பட்ட கோப்புகள் இருக்கும். 'ரீடிங் செஷன்' என்று பெயரில் வருவதைத் தேடி எக்செலில் திறங்கள்.

ஒவ்வொரு வரியும் நீங்கள் ஒருமுறை புத்தகத்தைத் திறந்து மூடியதன் பதிவு. தொடங்கிய நேரம், முடித்த நேரம், புத்தகத்தின் குறியீடு, எத்தனை மில்லிசெகண்ட் படித்தீர்கள், எத்தனை முறை பக்கம் திருப்பினீர்கள். 18,60,000 என்று ஓர் எண் இருந்தால் 31 நிமிடம் என்று பொருள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதோடு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 18:42 என்று இருந்தால் நம் ஊரில் நள்ளிரவு 12:12.

ஒரு டீச்சர் தன்னுடைய கோப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கே நான் எத்தனை மணிக்குத் தூங்குதேன்னு தெரியாதே அண்ணாச்சி" என்றார்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் நள்ளிரவு வாசிப்பை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். விட்ட பக்கத்தில் மறுபடி திறப்பது, அடுத்த புத்தகத்தைப் பரிந்துரைப்பது, எழுத்தாளருக்குப் பணம் கணக்கிடுவது என்று பல வேலைகளுக்கு இந்த மாதிரிப் பதிவு உதவுகிறது. ஆனால் பதிவு என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்க யாராவது வருவார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு வரி ஏய்ப்பு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரிடம் அமேசான் வழியாகப் பழைய புத்தகம் வாங்கியவர்களின் விவரத்தை அரசுத் தரப்பு கேட்டது. வாங்கியவர்கள் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை, சாட்சிக்காகத்தான் கேட்டார்கள். 2007-இல் நீதிபதி மறுத்துவிட்டார். யார் என்ன படிக்கிறார்கள் என்று அரசு எட்டிப் பார்ப்பது சரியல்ல என்பது அவர் சொன்ன காரணம். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே வாசகர் அந்தரங்கச் சட்டம் ஒன்று 2012 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் இருக்கும் கருவியைப் பார்ப்போம்.

முதலில் வீடு

என் அனுபவத்தில் சிக்கல் கம்பெனியிடமிருந்து வருவதைவிட வீட்டுக்குள்ளிருந்து வருவதுதான் அதிகம். நம் வீடுகளில் அமேசான் கணக்கு பொதுவாக ஒன்றே ஒன்றுதான். அண்ணனோ அப்பாவோ கணவரோ வைத்திருப்பார்கள்; மிக்ஸியும் அதில்தான் வாங்குவார்கள், கிண்டிலும் அதில்தான் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கில் நீங்கள் ஒரு புத்தகம் வாங்கினால் ரசீது மெயில் அவருக்குப் போகும். அவருடைய போனில் கிண்டில் செயலி இருந்தால் அதன் நூலகத்தில் அட்டைப்படம் வந்து நிற்கும். பிறகு அந்த ரகத்திலேயே பரிந்துரைகள் வரத் தொடங்கும். நீங்கள் படித்து முடித்த பிறகும் அது வரும்.

இதற்குத் தீர்வு தனிக் கணக்குதான், வேறு குறுக்குவழி இல்லை. உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதில் ஓர் அமேசான் கணக்கு, கிண்டிலை அதில் பதிவு செய்யுங்கள். கார்டு வீட்டுக்காரருடையதாகவே இருந்தாலும் வங்கி எஸ்எம்எஸ்ஸில் தொகையும் கடையின் பெயரும்தான் வரும், புத்தகத்தின் பெயர் வராது. இதில் ஒரே ஒரு நஷ்டம்: பழைய கணக்கில் வாங்கிய புத்தகங்கள் புதியதற்கு மாறி வராது. அதனால்தான் முதல் நாளே கேட்கிறேன். இருநூறு புத்தகம் சேர்ந்த பிறகு வந்து கேட்பவர்களுக்கு நான் சொல்ல முடிவது, பொதுவானவை பழைய கணக்கில் கிடக்கட்டும், இனி வாங்கும் சொந்தப் புத்தகங்களுக்குப் போனில் தனிக் கணக்கில் செயலி வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான்.

அழித்துவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. கருவியில் 'ரிமூவ்' கொடுத்தால் கருவியிலிருந்து மட்டும்தான் போகும். கணக்கில் புத்தகம் அப்படியே இருக்கும், தேடினால் அட்டையோடு வந்து நிற்கும். இணையதளத்தில் 'மேனேஜ் யுவர் கன்டென்ட் அண்டு டிவைசஸ்' பக்கத்துக்குப் போய் நிரந்தரமாக அழித்தால் நூலகத்திலிருந்து போய்விடும், திரும்பப் படிக்க வேண்டுமானால் மறுபடி காசு. அப்போதும் டிஜிட்டல் ஆர்டர் பட்டியலில் வாங்கிய தடயம் மிஞ்சும்.

பாஸ்கோடு போடுவது எளிது: செட்டிங்ஸ், டிவைஸ் ஆப்ஷன்ஸ், டிவைஸ் பாஸ்கோடு. மறந்துவிட்டால் கருவியை முழுதாக அழித்துத்தான் திறக்க முடியும். வாங்கிய புத்தகங்கள் கணக்கிலிருந்து திரும்ப வந்துவிடும். நீங்களாகக் கேபிளில் ஏற்றியவை வராது. வயதானவர்களின் கருவியில் நான் பாஸ்கோடு போடுவதில்லை. அவர்களுக்கு அது தினசரித் தொல்லை.

அதே டிவைஸ் ஆப்ஷன்ஸில் 'டிஸ்ப்ளே கவர்' என்று ஒன்று இருக்கும். கருவி உறங்கும்போது பென்சில், பேனா படங்களுக்குப் பதிலாக, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் அட்டையைக் காட்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாகர்கோவில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தூங்கினால் பக்கத்தில் இருப்பவரும் நின்றுகொண்டு வருபவரும் அதை வாசிப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பிரச்சினைக்கு இதை அணைப்பதும், எழுத்தளவை இரண்டு படி குறைப்பதும் போதும். வேறெதுவும் தேவையில்லை.

இனி சொல்வது பலருக்குத் தெரியாதது. கிண்டிலைக் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்தால் 'டாக்குமென்ட்ஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நீங்கள் கோடு போட்ட ஒவ்வொரு வரியும், எழுதிய ஒவ்வொரு குறிப்பும் அதில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், இடம், கிழமை, தேதி, நொடி வரைக்கும் நேரம், கீழே அந்த வரி, அதற்குக் கீழே பத்துச் சமக்குறிகள். நோட்பேடில் திறந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புத்தகத்தில் அந்தக் கோட்டை நீங்கள் அழித்தாலும் இந்தக் கோப்பில் அது அழியாது. ஒரு வரியில் கோடு போட்டு, பிறகு அடுத்த வரிக்கும் நீட்டினால் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும்.

சர்வீஸுக்கு வரும் கருவியை இணைக்கும்போது இந்தக் கோப்பு என் கண்ணில் படும். நான் திறப்பதில்லை. எல்லாக் கடைக்காரரும் அப்படி என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே அவ்வப்போது அதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கருவியில் இருப்பதை அழித்துவிடுங்கள். மறுபடி கோடு போட்டதும் புதிதாக ஒன்று தானே உருவாகும். புத்தகத்துக்குள் இருக்கும் கோடுகளுக்கு இதனால் சேதமில்லை. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கோப்பு பெரிய வரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கோள்களை அப்படியே எடுத்து ஒட்டலாம்.

எதை அணைப்பது, எதை விட்டுவைப்பது

கம்பெனி தரப்புக்கு வருவோம். செட்டிங்ஸ், டிவைஸ் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் 'பிரைவசி'. விளம்பரத்துக்காகவும் தயாரிப்பை மேம்படுத்துவதற்காகவும் உங்கள் பயன்பாட்டுத் தரவை எடுப்பதை இங்கே நிறுத்தலாம். இதை எல்லாருக்கும் கேட்காமலே அணைத்துக் கொடுக்கிறேன், படிப்பதில் எந்த வசதியும் குறையாது. கணக்கு நடத்தத் தேவையான பதிவுகள் இதனால் நிற்காது என்பதையும் சொல்லிவிடுவேன்.

அதே இடத்தில் 'விஸ்பர்சிங்க்' இருக்கும். கிண்டிலில் விட்ட பக்கத்தைப் போனில் தொடர வைப்பது இதுதான். உங்களிடம் ஒரே கருவிதான் இருக்கிறது, போனில் படிப்பதில்லை என்றால் அணைத்துவிடுங்கள். இல்லாத வசதிக்காகத் தகவல் கொடுப்பானேன்? போன், கிண்டில் இரண்டிலும் படிப்பவர் அணைத்தால் மறுநாளே என்னைத் திட்டுவார். குறிப்புகளை நகல் எடுத்து வைக்கும் 'அனோடேஷன்ஸ் பேக்கப்' வேறு சங்கதி. அதை நிறுத்தினால் கோடுகள் கருவியோடு நின்றுவிடும், கருவி தொலைந்தால் அவையும் போச்சு. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு தம்பிக்குக் கோடுகள்தான் மூன்று வருட உழைப்பு. அவருக்கு நான் அதைத் தொடவே இல்லை. பொழுதுபோக்குக்கு நாவல் படிப்பவருக்கு நிறுத்தினால் ஒன்றும் குடி முழுகாது.

'பாப்புலர் ஹைலைட்ஸ்' என்று புள்ளிக்கோடாக வருவது, இத்தனை பேர் இந்த வரியில் கோடு போட்டிருக்கிறார்கள் என்ற தகவல். எனக்கு அது பிடிக்காது. இது நல்ல வரி என்று இன்னொருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எனக்கு என்ன வேலை? அந்தரங்கத்துக்காக இல்லாவிட்டாலும் அணைத்துவிடுவேன்.

வாசகர்கள் புத்தகம் பேசும் தளமான குட்ரீட்ஸ் 2013-இலிருந்து அமேசானுடையது. கிண்டிலோடு அதை இணைத்தால் என்ன படிக்கிறீர்கள், எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பது நண்பர்களுக்குப் போய்ச் சேர வழி உண்டு. புத்தகம் பேசக் கூட்டாளி வேண்டும் என்பவர் இணைக்கட்டும். மற்றவர்கள் முதல் நாள் வரும் அழைப்பைத் தாண்டிப் போய்விடலாம். வைஃபை இணைக்கும்போது கடவுச்சொல்லை அமேசானில் சேமிக்கவா என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள். வீட்டு வைஃபை கடவுச்சொல்லை ஒருமுறை கையால் அடிப்பதில் என்ன கஷ்டம்?

ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி, விக்கிபீடியா, மொழிபெயர்ப்பு என்று மூன்று வரும். அகராதி கருவிக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அந்தச் சொல் வெளியே போய்த்தான் பதில் வர வேண்டும். 'வொகாபுலரி பில்டர்' நீங்கள் பொருள் தேடிய சொற்களை எல்லாம் பட்டியல் போட்டு வைக்கும். ஆங்கிலம் கற்பவருக்கு அருமையான வசதி, என் மகளுக்கு அதை அணைக்கவில்லை. ஆனால் ஒருவர் தேடிய சொற்களைப் பார்த்தே அவர் கவலை என்ன என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் ஏரோபிளேன் மோட். எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. "எப்பவும் ஆஃப்லைன்ல வச்சிட்டா பிரச்சினையே இல்லல்ல?" என்பார்கள். பாதி சரி. பேட்டரியும் நிறைய நாள் வரும். ஆனால் சேர்ந்த தகவல் அடுத்தமுறை இணைக்கும்போது போய்விடும், தள்ளிப்போட்டதுதான் மிச்சம். இன்னொன்று, நம் தமிழ் வாசகர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் 2015 ஜூலையிலிருந்து எழுத்தாளர்களுக்குப் பணம் வருவது வாசகர் படித்த பக்கங்களின் கணக்குப்படிதான். தமிழில் சொந்தமாகப் பதிப்பித்து அதில் போட்டிருப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் நானூறு பக்கம் ரசித்துப் படித்துவிட்டுக் கருவியை இணைக்காமலே வைத்திருந்தால் அந்த நானூறும் அவர் கணக்கில் ஏறாது. என் கடைக்கு வரும் ஓர் எழுத்தாளர் பக்கக் கணக்கைத் தினமும் திறந்து பார்ப்பவர். அவர் முகத்தைப் பார்த்தே முந்தைய நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லிவிடுவேன். அன்லிமிடெடில் எடுத்துப் படித்தால் வாரம் ஒருமுறையாவது வைஃபையை இணையுங்கள். நம் அந்தரங்கத்துக்கு எழுத்தாளரின் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. படித்தது கணக்கில் ஏறக் கூடாது என்று இருந்தால் அந்தப் புத்தகத்தை அன்லிமிடெடில் எடுக்காதீர்கள்.

அப்படியானால் யாருக்குமே தெரியக் கூடாத புத்தகத்தை எங்கே படிப்பது? என் பதில் பழைய பதில்தான்: கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்துக் காகிதத்தில் வாங்குங்கள். கருவி விற்கிற கம்பெனியின் கருவியில் கம்பெனிக்குத் தெரியாமல் படிப்பதற்கு நான் வழி தேடித் தருவதில்லை.

மெயிலா, கேபிளா?

சொந்தக் கோப்புகளை ஏற்ற இரண்டு வழி. ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு, அதற்கு அனுப்பினால் கோப்பு வந்து இறங்கும். சௌகரியம் என்றால் அப்படி ஒரு சௌகரியம். 2022-இலிருந்து இபப் என்ற பொதுவான மின்புத்தகக் கோப்பையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அனுப்பியதன் நகல் உங்கள் அமேசான் கணக்கில் தங்கும். இலவச நாவலுக்கு அதைப் பற்றிக் கவலை எதற்கு? நான் பார்ப்பது வேறு: பெரிய எழுத்தில் படிக்கலாமே என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியிருப்பார்கள், கிரையப் பத்திரத்தை அனுப்பியிருப்பார்கள், வக்கீல் நோட்டீஸையும் அனுப்பியிருப்பார்கள். படித்து முடித்ததும் கருவியில் அழித்திருப்பார்கள், கணக்கில் அது பத்திரமாக இருக்கும்.

இணையதளத்தில் அதே 'மேனேஜ்' பக்கத்தில் 'பிரிஃபரன்சஸ்', அதற்குள் 'பர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸ்'. நகல் சேமிப்பதை அங்கே நிறுத்தலாம். நிறுத்தினால் தொலைந்த கோப்பை மறுபடி இறக்க முடியாது, அனுப்பிய மெயிலில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். யாரிடமிருந்து வரும் மெயிலை ஏற்கலாம் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. கருவியை வாங்கிக் கொடுத்த மருமகன், பழைய அலுவலக முகவரி என்று அதில் யார் யாரோ இருப்பார்கள். ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

கேபிள் வழி கொஞ்சம் மெனக்கெடல். முதல் தடங்கல் கேபிளே. வீட்டில் கிடக்கும் கேபிள்களில் நிறைய, சார்ஜ் மட்டும் ஏற்றுபவை. எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிவருவார்கள், நான் கேபிளை மாற்றிக் கொடுத்து அனுப்புவேன். 2024-இல் வந்த மாடல்களை மேக் கம்ப்யூட்டரில் இணைக்கத் தனி மென்பொருள் வேண்டும், விண்டோஸில் தானாகத் தெரியும். அடுத்தது கோப்பு வகை. கேபிளில் ஏற்றிய இபபைக் கிண்டில் திறக்காது. கேலிபர் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். கோவித் கோயல் 2006-இல் தொடங்கியது, இலவசம், கணக்கு எதுவும் கேட்காது. அதில் இபபைக் கிண்டில் திறக்கும் ஏஇசட்டபிள்யூ3 வகையாக மாற்றி 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த வழியில் கிடைப்பது கொஞ்சநஞ்சமில்லை. 1998-இல் தொடங்கிய இலவச மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதற்கொண்டு இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இபப், ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் என்று வகை வகையாகத் தருகிறார்கள். கணக்குத் தொடங்காமலே இறக்கலாம். பழைய பிடிஎஃப்களை மாற்றும்போது மட்டும் கவனம். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் செய்தவை மாற்றியதும் கிறுக்கலாக வரும், அவற்றைப் பிடிஎஃப் ஆகவே படிப்பது நல்லது.

காசு கொடுத்து வாங்கியவற்றுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984 நாவலை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தானே அழித்தது. எல்லாரையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவல் அது. இத்தனை புத்தகம் இருக்க அதற்கா இப்படி நடக்க வேண்டும்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவர் விடுமுறைப் பாடத்துக்கு எடுத்த குறிப்புகள் பயனில்லாமல் போனதால் வழக்குப் போட்டார். 1,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது. வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கும் வசதி ஒன்று இருந்தது, 2025 பிப்ரவரி 26-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எனவே திரும்பத் திரும்பப் படிக்கப் போகும் புத்தகமானால் காகிதப் பிரதியும் ஒன்று வாங்கி வையுங்கள் என்பேன்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. பூக்ஸ் (Boox) போன்றவை கிண்டில் மாதிரியே மின்மை (இ-இங்க்) திரை போட்ட ஆண்ட்ராய்டு கருவிகள். கிண்டில் செயலியைப் போட்டால் கிண்டில் கவலை அப்படியே கூட வரும். கூகுள் கணக்கில் நுழையாமல் கேஓரீடர் போன்ற திறமூல மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கே இல்லாமல் படிக்கலாம், இலவசத் தமிழ் நூல்களுக்கு அது தாராளம். அயல்நாட்டு நூலகங்களில் இரவல் எடுப்பவர்கள் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவார்கள். 2014-இல் அதன் நான்காம் பதிப்பு, வாசிப்பு விவரங்களை மறையாக்கம் செய்யாமல் அப்படியே இணையத்தில் அனுப்பியது தெரியவந்து, அமெரிக்க நூலகர்கள் கண்டித்த பிறகு திருத்தினார்கள். ஆகவே பழைய பதிப்பு இருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். போனில் தொடர்கதைச் செயலிகளில் படிப்பவர்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள். கதைக்குக் கீழே நீங்கள் போடும் கருத்து ஊருக்கே தெரியும். பூட்டிய திரையில் அறிவிப்பின் உள்ளடக்கம் தெரியாதபடியும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பின்தொடரும் கதையின் தலைப்பு சாப்பாட்டு மேஜையில் பளிச்சென்று வந்து நிற்கும்.

பிள்ளைகளுக்குக் கருவி கொடுப்பவர்கள், அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்க வழி கேட்பார்கள். சின்னக் குழந்தை என்றால் குழந்தைகளுக்கான தனிப் பகுதி இருக்கிறது, செய்து கொடுப்பேன். பதினைந்து வயதுப் பிள்ளை என்றால் "அவங்ககிட்டயே கேளுங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

விற்கும்போது, வாங்கும்போது

கைமாற்றும் கருவியில் இரண்டு வேலை, இந்த வரிசையில். செட்டிங்ஸில் உங்கள் கணக்குப் பகுதிக்குப் போய் 'டீரெஜிஸ்டர்' செய்யுங்கள். பிறகு டிவைஸ் ஆப்ஷன்ஸில் 'ரீசெட்'. முதலாவதை மட்டும் செய்தால் கேபிளில் ஏற்றிய கோப்புகளும் 'மை கிளிப்பிங்ஸும்' உள்ளே தங்கிவிடலாம். ரீசெட் அதையும் துடைத்துவிடும். இரண்டையும் செய்யாமல் கொடுத்தால் வாங்கியவர் உங்கள் கணக்கிலேயே புத்தகம் வாங்க முடியும், உங்கள் கார்டில் பணம் போகும். தொலைந்துபோன கருவி என்றால் இணையதளத்தில் உங்கள் கருவிகள் பட்டியலில் அதைத் தேடி அங்கிருந்தே நீக்குங்கள்.

பழைய கருவி வாங்குபவர்களுக்கு: செட்டிங்ஸைத் திறந்து யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் பெயர் இன்னும் இருந்தால் உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். தொலைந்தது, திருடுபோனது என்று அமேசானுக்குத் தெரிவிக்கப்பட்ட கருவி வேறு யார் கணக்கிலும் ஏறாது. போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அங்கேயே உங்கள் கணக்கில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.